வெண்டைக்காய் வார்டு

வெண்டைச் செடிக்கு நாடி பிடித்துப் பார்த்த ஒருவரை எனக்குத் தெரியும். கவித்துவமாகச் சொல்லவில்லை. தண்டின்மேல் இரண்டு விரலை வைத்து, சேலை மடிப்பில் தலைகீழாகக் குத்தியிருந்த கடிகாரத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு உதட்டைப் பிதுக்கி, "வீக்" என்பார். உடனே நான் செடியின் காலடியில் ஊன்றியிருந்த சிலேட்டில் "வீக்" என்று எழுத வேண்டும். தாவரவியல் பட்டப்படிப்பில் இரண்டு வருடம் முடித்திருந்த எனக்கு அந்தக் கோடையில் கிடைத்த பயிற்சியின் பெரும்பகுதி இதுதான். செடிகளுக்கு நாடி கிடையாது என்பது எனக்குத் தெரியும். என் பாடத்தில் நான் சந்தேகமில்லாமல் அறிந்து வைத்திருந்த மிகச் சில விஷயங்களில் அதுவும் ஒன்று. ஆனால் "வீக்" என்று சொல்லப்பட்ட செடிகள் மறுநாள் வாடித்தான் நின்றன. அதனால் நான் வாயைத் திறக்கவில்லை.

அவருக்குப் பெயர் உண்டு. ஆனால் எங்கள் சபைப் பாதிரியார்கூட அதைச் சொல்லி அவரை அழைத்து நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் மேட்ரன். வடக்கே ஏதோ பெரிய ஆஸ்பத்திரியில் தலை நரைக்கும்வரை நர்ஸாக வேலை பார்த்தவர். கல்யாணத்துக்கும் டூட்டி நேரத்துக்கும் ஒத்துவராததால் கல்யாணத்தை விட்டுவிட்டார் என்று அம்மா சொல்வாள். ஓய்வு பெற்று வந்ததும், பாறசாலையிலிருந்து பெருங்கடவிளை போகிற ரோட்டுக்கு உள்ளே, குடும்பப் பங்காகக் கிடைத்த ஒரு துண்டு விளையில், அதாவது தோட்ட நிலத்தில், வீடு கட்டிக்கொண்டு ஜைவ கிருஷி தொடங்கினார்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் பக்கத்தில் அந்தச் சொல் புதிது. இயற்கை விவசாயம் என்று தமிழில் சொன்னால், "அப்பம் இதுவரைக்கும் நாம செய்தது என்னவாக்கும்?" என்று கேட்பார்கள். ஆர்கானிக் என்று சொன்னால் வளைகுடாவில் ஏதோ கம்பெனி என்று நினைத்து, ஆள் எடுக்கிறார்களா, விசா உண்டா என்று விசாரித்தவர்களும் இருந்தார்கள்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது என் ஆர்வத்தால் அல்ல. எல்லைக்கு அந்தப்பக்கம், தமிழ்நாட்டில், நான் படித்த கல்லூரியில் புதிதாக வந்த துறைத்தலைவருக்கு, மாணவர்கள் கோடை விடுமுறையில் எங்காவது போய் வேலை பழகி சர்டிபிகேட்டோடு வர வேண்டும் என்று தோன்றிவிட்டது. செல்வாக்குள்ள வீட்டுப் பிள்ளைகள் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். மலைக்காற்றில் நின்று போட்டோ எடுத்து அனுப்பினார்கள். என் செல்வாக்கு அம்மாவோடு முடிந்தது. அவள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து படியிறங்கும்போதே மேட்ரனிடம் பேசி முடித்துவிட்டாள். இரண்டு அடி போட்டாலும் பரவாயில்லை என்று, கேட்காத சலுகையையும் கொடுத்துவிட்டு வந்தாள்.

என்னோடு படித்த ஷீபா தானாக விரும்பி வந்தாள். அவளும் எங்கள் சபைதான். பாடப்புத்தகத்தை உண்மையாகவே வாசிக்கிறவள்.

முதல் நாள் காலை ஆறு மணிக்கு எங்கள் இருவரையும் முற்றத்தில் நிறுத்தி, கைகளை நீட்டச் சொன்னார். ஷீபாவின் விரல்களைத் திருப்பிப் பார்த்துத் தலையாட்டினார். என் விரல்களைத் தொடவேயில்லை.

"எலே, இது நகமா மண்வெட்டியா?"

மண்ணில் வேலை செய்ய வந்தவனிடம் கேட்கிற கேள்வியா என்று எனக்குள் ஒரு நியாயம் எழுந்தது. அந்த வயதில் எனக்குள் எழுந்த நியாயங்கள் எல்லாம் போல அதுவும் உள்ளேயே படுத்துக்கொண்டது. நகவெட்டியை அவரே எடுத்துவந்து தந்தார்.

தோட்டம் வார்டுகளாகப் பிரிந்திருந்தது. கத்தரியும் மிளகாயும் மெடிக்கல் வார்டு. கவாத்து செய்கிற முருங்கையும் கோவைக்காயும் சர்ஜிக்கல். பாவல், படவலம் என்று நாங்கள் சொல்லும் பாகலும் புடலையும் ஏறிக்கிடந்த பந்தலுக்கு மெட்டர்னிட்டி என்று பெயர். அங்கே காலையில் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தொட்டு வைக்கிற பொறுப்பு ஷீபாவுக்கு. எனக்கு அங்கே அனுமதி இல்லை. நாற்றுகள் இருந்த இடத்தில் பேசக்கூடாது, தூங்குகிற குழந்தைகள். வாங்க வருகிறவர்களுக்கு மாலை நாலு முதல் ஆறு வரை விசிட்டிங் டைம். நாலுக்கு முன்னால் வந்து மணியடித்த ஒரு பள்ளிக்கூட ஹெட்மாஸ்டரை கேட்டுக்கு வெளியே வெயிலில் நிறுத்தி வைத்ததை நான் பார்த்தேன். அவர் அதே பள்ளியில் எனக்குக் கணக்கு எடுத்தவர். அந்த ஒரு மத்தியானத்துக்காகவே மேட்ரனின் மற்ற குற்றங்களை நான் மன்னிக்கத் தயாராக இருந்தேன்.

ஒரு முறை கத்தரிச் செடி ஒன்று பகலில் தலை தொங்கி நின்றது. பழைய சலைன் பாட்டிலைக் கம்பில் தலைகீழாகக் கட்டி, குழாயை வேரோடு சேர்த்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டார். பக்கத்தில் முக்காலி போட்டு என்னை உட்கார வைத்தார். கத்தரிக்கு டிரிப் போட்டிருக்கிறது என்று கேள்விப்பட்டு ரோட்டிலிருந்து ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். நோயாளியின் உறவுக்காரனைப் பார்க்கிற பார்வையில் என்னையும் பார்த்தார்கள். கேஸ் எப்படி, ஏதாவது சாப்பிட்டுதா என்று ஒருவர் கேட்டார். செடி மூன்றாம் நாள் சருகாகிவிட்டது. மேட்ரன் அந்தச் சிலேட்டைத் தானே வாங்கி "டிஸ்சார்ஜ்" என்று எழுதினார். அந்தத் தோட்டத்தில் எதுவும் செத்ததில்லை. எல்லாம் டிஸ்சார்ஜ்தான் ஆயின.

இதுதான் அவர். "நம்ம டூட்டியில ஒண்ணும் சாவப்பிடாது" என்பதைக் காலையில் ஜெபம் மாதிரி ஒரு தடவையும், சாயங்காலம் மிரட்டல் மாதிரி ஒரு தடவையும் சொல்வார். உயிரோடிருக்கிற எதையும் பிடுங்க விடமாட்டார். நெருக்கமாக முளைத்த கீரையைக் கலைக்க விடமாட்டார். களையைக்கூட, ஒவ்வொன்றாக விசாரித்து, வேறு போக்கிடம் இல்லை என்றால் வேலியோரம் கொண்டு நடச் சொல்வார். அந்த வேலியோரம்தான் அவருடைய தோட்டத்திலேயே செழிப்பான பகுதி.

ஏப்ரல் கடைசியில் வெண்டையில் மஞ்சள் வந்தது. இலையின் நரம்பெல்லாம் மஞ்சள் வலைபோலத் தெளிந்து, காய் வெளிறிப்போகிற நோய். இது எங்கள் பாடத்தில் உண்டு. வெள்ளை ஈ கொண்டுவந்து பரப்பும், மருந்து இல்லை, கண்டவுடன் பிடுங்கி எரிக்க வேண்டும். ஷீபா புத்தகத்தையே கொண்டுவந்து காட்டினாள். மேட்ரன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுப் பக்கத்தையும் வாசித்தார். இதை எழுதினவன் ஒரு நாளாவது நைட் டூட்டி பார்த்திருப்பானா என்று கேட்டுவிட்டுப் புத்தகத்தை மூடிக் கொடுத்தார்.

பிறகு ஐசொலேஷன் வார்டு திறக்கப்பட்டது. மஞ்சளித்த வெண்டைகளை வேர்மண்ணோடு பெயர்த்து, விளையின் கிழக்கு ஓரத்தில் வேலிக்குப் பக்கமாக நட்டோம். இடத்தை மிக யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தார். எங்கள் பக்கத்தில் கோடையில் காற்று மேற்கே கடலிலிருந்து வரும். நல்ல காற்று முதலில் மற்ற வார்டுகளில் பட்டு, கடைசியில் தீனக்காரர்களை, நோயாளிகளை, கடந்து வெளியே போய்விட வேண்டும். ஆஸ்பத்திரி முறைப்படி அதில் ஒரு தப்பும் இல்லை. "வெளியே" என்று அவர் சொன்ன இடத்தில் தங்கையன் வெண்டை போட்டிருந்தார் என்பதுதான் சங்கடம்.

தங்கையன் பக்கத்து விளையைப் பாட்டத்துக்கு, குத்தகைக்கு, எடுத்துப் பயிர் செய்கிறவர். உடைமைக்காரர் நெய்யாற்றின்கரையில் இருந்தார். சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் ரப்பர் வைத்துக்கொண்டிருந்த காலம். தானும் வைத்துவிட அவருக்கு ஆசை. இந்தக் கோடை வெண்டை நன்றாக வந்து பாட்டம் ஒழுங்காகக் கைக்கு வந்தால் தங்கையனுக்கு அடுத்த வருடமும் நிலம் உண்டு. இல்லையென்றால் ஜூனில் வரும் இடவப்பாதி மழைக்கு ரப்பர் கன்று நட்டுவிடுவார். தங்கையனுக்கு வேறு நிலமோ வேறு தொழிலோ இல்லை. இதை அவர் யாரிடமும் இரக்கமாகச் சொன்னதில்லை. பீடியைப் பற்றவைத்துக்கொண்டே, மழை வருமா வராதா என்று பேசுகிற மாதிரிதான் சொல்வார்.

அவர் விசிட்டிங் டைமில், குளித்துச் சட்டை போட்டு, கையில் ஒரு பப்பாளியோடு வந்தார்.

"மேட்ரம்மா, அந்த மஞ்சளிச்ச செடியள ஒண்ணு பிடுங்கி எரிக்கணும். எனக்க வெளைக்குத் தாவுமாக்கும்."

"தீனக்காரனப் பிடுங்கி எரிக்கச் சொல்லுதியா தங்கையா?"

"செடியாக்கும் மேட்ரம்மா."

"எல்லா டாக்டரும் இப்பிடித்தான். வயசான கேசு, பெட்ட ஒழிச்சுக் குடுங்கன்னு வந்து நிப்பான். நான் ஒருத்தனுக்கும் ஒழிச்சுக் குடுத்ததில்ல."

தங்கையன் பப்பாளியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். சரி, நீங்கள் பிடுங்க வேண்டாம், நான் என் பக்கத்தில் மருந்து அடித்துக்கொள்கிறேன் என்றார்.

மேட்ரன் வேலிப் பக்கம் திரும்பினார்.

"அந்த மணம் எனக்குத் தெரியும் தங்கையா. அதக் குடிச்சிட்டு வந்தவனுக்கெல்லாம் மூக்கு வழியா டியூப்ப எறக்கி வயித்தக் கழுவினது நானாக்கும். கழுவின வெள்ளம் தெளிஞ்சு வரும். ஆனா ஒருத்தனும் எழும்பி வீட்டுக்குப் போகல்ல. அது இந்த வேலிக்கு இங்க வரப்பிடாது."

"எனக்க மருந்து அங்க வரப்பிடாது. உங்களுக்க தீனம் மட்டும் இங்க வரலாம். இல்லியா?"

மேட்ரன் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுப் போகும்படி அவருக்கு உத்தரவிட்டார். தங்கையன் கழுவினார். அவருடைய அம்மா எழுந்திருக்க முடியாமல் கிடந்த மாதங்களில், யாரும் அழைக்காமலேயே தினமும் போய்ப் படுக்கைப் புண்ணைக் கழுவிக் கட்டியவர் மேட்ரன். அப்படிப்பட்டவரிடம் ஒருவன் எவ்வளவு சத்தம் போட முடியும்? மருந்தும் அடிக்காமல், சண்டையும் போடாமல், மாலை நேரங்களில் வேலியைப் பிடித்துக்கொண்டு ஐசொலேஷன் வார்டைப் பார்த்தபடி நிற்பார். மேட்ரன் அதை நோயாளிகள்மேல் உள்ள கரிசனம் என்று எடுத்துக்கொண்டார்.

நாங்கள் தீனக்கார வெண்டைகளுக்குப் பஞ்சில் இலை துடைத்தோம். வேப்பெண்ணெய், புளித்த மோர், பசு மூத்திரம் என்று வேளைக்கு ஒன்றாகத் தெளித்தோம். வார்டை விட்டு வெளியே வரும்போது டெட்டால் போட்டுக் கை கழுவினோம். செடிகள் சாகவுமில்லை, காய்க்கவுமில்லை. மஞ்சள் பிடித்து, மெலிந்து, நெடுக வளர்ந்து நின்றன. மேட்ரனுக்கு ஒரே பெருமை. வேறெங்காவது என்றால் இவையெல்லாம் இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கும் என்றார். அது சத்தியமான பேச்சு.

மே நடுவில் ஒரு காலை, நெய்யாற்றின்கரைக்காரர் கயிறும் சுண்ணாம்பும் கொண்ட ஒரு ஆளோடு வந்து, தங்கையனின் விளையில் மேடான பக்கத்திலிருந்து ரப்பர் குழிகளுக்கு அடையாளம் வைக்கத் தொடங்கினார். வெண்டைக்கு இன்னும் பறிப்பு இருக்கிறதே என்று தங்கையன் கேட்டதற்கு, இருக்கட்டும், கோடு போட்டு வைத்தால் என்ன, காய்த்தால் அழித்துவிடலாம் என்று சிரித்தாராம். வெண்டை வரிசைகளுக்கு நடுவே வெள்ளை வட்டங்கள் விழுவதை நாங்கள் மூன்று பேரும் வேலிக்கு இந்தப்புறம் நின்று பார்த்தோம்.

அப்போதுதான் ஷீபா கேட்டாள். சாதாரணமாக, பஞ்சைப் பிழிந்துகொண்டே.

"மேட்ரன், நாங்க ஐசொலேஷன்ல இருந்து வெளிய வரும்போ கை கழுவுதோம். வெள்ளை ஈ கழுவுமா?"

நான் அவளை விட்டு இரண்டடி தள்ளி நின்றேன். இடி விழுந்தால் ஒருவராவது மிஞ்ச வேண்டும்.

மேட்ரன் அவளைப் பார்த்தார். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அத்தனை நாளில் முதல் தடவையாக, வேலியின் இடைவெளி வழியாகத் தங்கையனின் விளைக்குள் போனார். முதல் வரிசையில் குனிந்து இலைகளைத் திருப்பினார். நாடி பார்க்கவில்லை. எங்கள் பக்கத்தை ஒட்டிய செடிகளில் மஞ்சள் வலை தெளிவாக இருந்தது. இரண்டாம் வரிசையில் அங்கங்கே. மூன்றாவதில் தேடினால் கிடைத்தது. அவர் ஒரு இலையைக் கிள்ளி எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனவர், அன்று முழுக்க வெளியே வரவில்லை.

மறுநாள் காலையில் வெளுத்த பெட்ஷீட்டுகளை அள்ளிக்கொண்டு வந்து, ஐசொலேஷன் வார்டைச் சுற்றிக் கம்பு நட்டு மறைவு கட்டச் சொன்னார். வார்டில் ஒருவர் போகிறபோது மற்ற நோயாளிகள் பார்க்கக்கூடாது, ஸ்கிரீன் வைக்க வேண்டும், அது முறை. கத்தரிகளும் மிளகாய்களும் பார்த்துவிடாதபடி இருவரும் முடிச்சுகளை இறுக்கினோம். அவர் மட்டும் உள்ளே போனார். வேர் அறுபடுகிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றதாகத்தான் ரொம்ப காலம் இந்தக் கதையைச் சொல்லிவந்தேன். ஷீபாவின் முகத்தைப் பார்த்தபின் எனக்கு அடக்குவதற்குச் சிரிப்பு வரவில்லை என்பதே சரி.

பிடுங்கியதைக் குழியில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தார். சிலேட்டுகளில் எதுவும் எழுதவில்லை. கதை இங்கே முடிந்திருந்தால் அவரை ஒரு நல்ல மனுஷி என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் தப்பு புரிந்துவிட்ட நல்ல மனிதர்களைப்போல ஆபத்தானவர்கள் உலகத்தில் இல்லை. அவர் கையைத் தட்டிக்கொண்டு நேராகத் தங்கையனின் விளைக்குள் இறங்கினார்.

முதல் வரிசையைப் பிடுங்கினார். தங்கையன் தடுக்கவில்லை, கூடப் பிடுங்கினார். இரண்டாவதில் மஞ்சளித்தவை மட்டும் என்று நினைத்திருந்தார். மேட்ரன் வரிசையோடு பிடுங்கிக்கொண்டு போனார்.

"மேட்ரம்மா, அது நல்ல செடியாக்கும்."

"நல்லாத்தான் இருக்கும். இன்குபேஷன் பீரியடு."

"காய் பிடிச்சிருக்கு மேட்ரம்மா."

"எல்லா கேசும் முந்தின நாள் சிரிச்சுப் பேசிட்டுத்தான் இருக்கும், தங்கையா."

அறுபது தாண்டிய பெண்ணின் கையில் அத்தனை வேகம் எங்கிருந்து வந்ததோ. தங்கையன் பின்னாலேயே ஓடி ஓடிப் பிடுங்கியதை எடுத்துப் பார்த்தார், கீழே போட்டார், மறுபடி ஓடினார். விளையில் பாதி வெறுந்தரையான பிறகுதான் அவருக்குத் துணிச்சல் வந்தது. அடுத்த வரிசைக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"இதுக்கு மேல நிக்கியது எனக்க பிள்ளியளுக்க கஞ்சியாக்கும். பிடுங்கணும்னா என்னையும் சேத்துப் பிடுங்குங்க."

மேட்ரன் நின்றார். திரும்பி, தான் கடந்து வந்த வழியைப் பார்த்தார். பிடுங்கிப்போட்ட செடிகள், காய்களோடு, வெள்ளை வட்டங்களின்மேல் கிடந்தன. மூச்சு வாங்கிக்கொண்டே "சாரி" என்று ஆங்கிலத்தில் சொன்னார். தங்கையனுக்கு அந்தச் சொல்லை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை.

அடுத்த நாள் தங்கையன் மிச்சமிருந்த பாதிக்கு மருந்து அடித்தார். யாரையும் கேட்கவில்லை. மேட்ரன் எங்களுக்கு லீவு என்று சொல்லிவிட்டு, ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். மிஞ்சிய வெண்டை நன்றாகத் தேறி வந்தது. ஆனால் பாதி விளையின் காயைச் சந்தையில் போட்டால் பாட்டத்துக்கு எட்டாது. கயிற்றுக்காரன் மறுபடியும் வந்து ரோட்டோரம் நின்று பார்த்துவிட்டுப் போனான்.

சனிக்கிழமைகளில் திருவனந்தபுரத்திலிருந்து மேட்ரனிடம் காய் வாங்கச் சில கார்கள் வரும். டாக்டர்கள், பேராசிரியர்கள், அவர்களுடைய மனைவிமார். சந்தையைவிடப் பல மடங்கு கொடுப்பார்கள். காயில் புழு துளைத்த ஓட்டை இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்து, இருந்தால் மனம் குளிர்ந்து வாங்குவார்கள். ஓட்டையில்லாத காயை எங்களிடமே திருப்பித் தந்த அம்மாள்களும் உண்டு. மே கடைசிச் சனிக்கிழமை அவர்கள் வந்தபோது மேட்ரனின் வெண்டைப் பாத்திகள் காலி. ஆனால் கேட்டுக்கு உள்ளே போட்டிருந்த மேசைமேல் வெண்டை குவிந்திருந்தது. பச்சைப் பசேலென்று, விரல் நீளத்தில், ஒரு ஓட்டை இல்லாமல். தங்கையன் மேசைக்குப் பின்னால் சட்டை பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார். ஷீபா தரையைப் பார்த்தாள். நான் தராசைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பேராசிரியரின் மனைவி ஒரு காயை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். ஒரு பூச்சிகூடத் தொடவில்லையே, இது எப்படி என்று மலையாளத்தில் கேட்டார். வழக்கமாக இந்த இடத்தில் மேட்ரன் விஷத்தைப் பற்றியும், டியூபைப் பற்றியும் அரைமணி நேரம் பேசுவார். கார்க்காரர்கள் அதைக் கேட்பதற்கென்றே குழந்தைகளைக் கூட்டிவருவார்கள்.

"நல்ல நர்சிங்" என்றார் மேட்ரன்.

மேசை காலியானது. தங்கையன் பாட்டத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். வட்டங்களை மழை அழித்தது. அடுத்த வருடமும் அந்த விளையில் வெண்டை நின்றது.

ஆனால் அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள், திருவிருந்து ஞாயிறு; மனதில் பாவம் உறுத்துகிறவர்கள் அப்பத்துக்கும் ரசத்துக்கும் போகக்கூடாது என்பது முறை. எல்லோரும் எழுந்து வரிசையாக முன்னே போனார்கள். நான் பின்வரிசைக்காரன், அங்கிருந்து எல்லாம் தெரியும். மேட்ரன் எழுந்திருக்கவில்லை. வரிசை அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அவர் மடியில் கைகளை வைத்து விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்த ஷீபா குனிந்து ஏதோ கேட்டாள். முழங்கால் வலி, மண்டியிட முடியாது என்று சொன்னாராம்.

முந்தின நாள் தங்கையனின் கூடைகளை ஒவ்வொன்றாக வேலிக்கு இந்தப்புறம் சுமந்துகொண்டு வந்து மேசையில் கொட்டியது அந்த முழங்கால்தான். நாங்கள் உதவிக்குப் போனபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.